லத்தீபா பெயரில் ஒரு புள்ளி

மூன்று படங்களில் நகர்ந்த புள்ளி நாலாவது படத்தில் நின்றுவிட்டது.

மதார் கண்ணாடியைக் கழற்றி, கட்டியிருந்த சாரத்தின் நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நாலும் ஒரே வானத்துண்டின் படங்கள். எங்கோ அமெரிக்காவில் ஒரு மலையுச்சியில் இருக்கும் தொலைநோக்கி பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக எடுத்தவை. கம்ப்யூட்டர் அவற்றை மாற்றி மாற்றிக் காட்டும்போது நட்சத்திரங்கள் ஆணி அடித்தாற்போல் அசையாமல் இருக்கும், விண்கல் மட்டும் எறும்பு மாதிரி ஊர்ந்து போகும். ஊர்வதைக் கண்டுபிடித்து இடத்தைக் குறித்து மெயிலில் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் முதல் மூன்று படங்களில் ஒழுங்காக ஊர்ந்த இந்தப் புள்ளி நாலாவதில், பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல, அதே இடத்தில் நின்றது.

அவர் கூப்பிடத்தான் செய்திருந்தார். அதுதான் உறுத்தியது. அறிக்கையின் தலைப்பில் 'கண்டவர் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் லத்தீபா என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டும்போது, பக்கத்து அறையில் இருப்பவளைக் கூப்பிடுகிற குரலில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

லத்தீபா அவருடைய ஒரே மகள். ராமநாதபுரத்தில் கல்லூரியில் இயற்பியல் படித்தாள். பூமியில் மோதக்கூடிய கற்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற ஒரு திட்டத்தில் அவள் வகுப்பில் நாலு பேரைச் சேர்த்தார்கள். மற்ற மூவரும் ஒரே மாதத்தில் கண் வலிக்கிறது என்று ஒதுங்கிக்கொள்ள, இவள் மட்டும் தேவிபட்டினத்தில் இந்த ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் வேலை பார்த்த கப்பலுக்குப் போன் போட்டால் அதைப் பற்றித்தான் பேச்சு. "வாப்பா, வர்றத முன்னாலயே பாத்துட்டா ஒதுக்கி விட்டுறலாம். பாக்காம விடுறதுதான் ஆபத்து" என்பாள். அப்படிச் சொன்னவள் 2008 ஜனவரியில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது மதார் கோர்பக்கான் துறைமுகத்துக்கு வெளியே ஒரு சரக்குக் கப்பலில் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தார். மய்யித்தான உடலை வைத்துக்கொண்டு காத்திருப்பது வழக்கமில்லை, அன்றைக்கே அடக்கிவிட்டார்கள். அவர் வந்து சேர்ந்தது நாலாம் நாள். மகளின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அதன் பிறகு கப்பலுக்குப் போகவில்லை. அவள் நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரைப் பழகினார். படங்கள் அவள் பெயருக்கே வந்துகொண்டிருந்தன. அவள் இல்லை என்பதை அவர் யாருக்கும் எழுதவில்லை; ஏழு மாதமாக அவள் பெயரிலேயே பதில் அனுப்பிக்கொண்டிருந்தார். ஊர் கபர்ஸ்தானில் கொஞ்ச காலத்தில் ஒரு மேட்டின் மேல் இன்னொரு மேடு வந்துவிடும், ஆனால் ஒரு கல்லை முதலில் கண்டவள் என்று வானத்துக் கணக்கில் ஒரு பெயர் ஏறிவிட்டால் அதை யாரும் மண்ணைப் போட்டு மூட முடியாது. அவர் கேட்டதெல்லாம் அந்த ஒன்றுதான்.

அவர் மனைவி ரம்ஜான் பீவிக்கு இது பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பின் யாசீன் ஓதி முடித்துக் கிதாபை மூடும்போதெல்லாம் அடுத்த அறையிலிருந்து அந்தப் பெயர் கேட்கும். முதலில் ஜாடையாகச் சொன்னாள், ஒரு நாள் நேரடியாகவே சொன்னாள்.

"மௌத்தான புள்ளைய வழியனுப்பி வைக்கணும். நின்னு பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருந்தா அது எப்படிங்க போகும்?"

நின்றுபோன அந்த நாலாவது படத்தைக் கேமராக் கோளாறு என்று தள்ளிவிட்டு, மற்ற மூன்றின் கணக்கை மட்டும் அனுப்பினார். பத்து நாளில் பதில் வந்தது. புதிய கல்தான், வேறு இரண்டு தொலைநோக்கிகளும் பார்த்துவிட்டன, நிலாவுக்கும் வெகு தொலைவில் விலகிப் போய்விடும், பயமில்லை, ஒல்லியாக நீளவாட்டில் இருக்கிறது, மெதுவாக உருண்டுகொண்டே போவதால் ஒளி கூடிக் கூடிக் குறைகிறது. அன்புள்ள லத்தீபா, வாழ்த்துகள். மதார் மேஜையில் தலையைக் கவிழ்த்து, ஊருக்கு வந்து இறங்கிய அன்று அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதார்.

அன்று மகரிப் நேரத்தில், பொழுது இருட்டும்போது, கரண்ட் போனது. மின்விசிறி தேய்ந்து தேய்ந்து நின்றது, கம்ப்யூட்டரின் பேட்டரிப் பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தி ஓய்ந்தது, திறந்திருந்த ஜன்னல் வழியாக உப்புக்காற்றும் காயப்போட்ட மீனின் வாடையும் ஈரச் சேற்றின் மணமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அறையை நிறைத்தன. கிழக்கே கடலுக்கு மேல் ஒரு வெளிச்சம் இருந்தது. வியாழன் தெற்கே தள்ளி நின்றது, ஆகவே அது இல்லை. விசைப்படகின் விளக்கு என்றால் அவ்வளவு உயரத்தில் இருக்காது. பழக்கதோஷத்தில் அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டு, ஜன்னல் கம்பிக்கு நேராக அதை வைத்துப் பார்த்தார்.

இருபத்திரண்டு வருஷம் அவர் செய்த வேலை அது. எதிரே ஒரு விளக்கு தெரிந்தால் ஏதாவது ஒரு கம்பிக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும். கம்பியை விட்டு இடதுபுறமோ வலதுபுறமோ நகர்ந்தால் விலகிப் போகிறது என்று அர்த்தம். நகராமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் நேரே உன் மேல்தான் வருகிறது; உடனே சுக்கானைத் திருப்பு.

ஒரு மணி நேரத்தில் நட்சத்திரங்கள் ஒரு சாண் மேலே ஏறியிருந்தன. வெளிச்சம் கம்பியிலேயே இருந்தது. கூடியது. குறைந்தது. மறுபடி கூடியது.

மறுநாள் காலையில் வள்ளத்திலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்த வாவு முகம்மதுவிடம் பேச்சுவாக்கில் கேட்டார். அவரும் அதைக் கண்டிருந்தார். "அது தெக்க போச்சே மச்சான். நல்ல வேகம். நான் பாக்கப் பாக்கவே மண்டபம் பக்கம் எறங்கிருச்சு" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார். மதார் அங்கேயே நின்று கிழக்கே பார்த்தார். ஓரமாக நிற்பவனுக்கு எந்தக் கப்பலும் நகர்ந்துதான் போகும்; யார் மேல் மோத வருகிறதோ அவனுக்கு மட்டும்தான் அது நின்ற இடத்திலேயே நிற்கும்.

சுக்கானைத் திருப்பிப் பார்த்தார். அன்று மத்தியானமே மனைவியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, உச்சிப்புளியில் தங்கை சபியா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்தார். சபியா கறி ஆக்கிப் போட்டாள், சாயங்காலம் மாடியில் பாய் விரித்தாள். அங்கிருந்து பார்த்தால் கிழக்கே ஒரு கரண்ட் கம்பம். கம்பத்துக்கு நேராக வெளிச்சம். மாடியின் அந்த மூலைக்குப் போனார். தங்கை வீட்டுத் தென்னைக்கு நேராக வந்து நின்றது. அவர் எங்கே போனாலும் அது தன் திசையைத் திருத்திக்கொண்டது. ஊர் திரும்பும் பஸ்ஸில், பட்டப்பகலில், நீலத்துக்கு நடுவே எட்டணா அளவில் வெள்ளையாக அது கூடவே வந்தது. பக்கத்து சீட்டில் ரம்ஜான் முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, உதடு மட்டும் அசைய ஓதிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிகிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அவள் சொன்னாள்.

"அவங்களுக்கு எழுதிப் போடுங்க. அவ இல்லைன்னு எழுதிப் போடுங்க."

எழுதினால் பெயரை எடுத்துவிடுவார்கள். ஏழு மாதம் செத்தவள் பெயரில் அனுப்பியவனை எவன் நம்புவான்? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை அவர் கையாலேயே உடைக்க வேண்டும். இரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. கம்பிக்கு நேராக அது உள்ளங்கை அளவு ஆனது. இரவு பகல் என்று இல்லாமல் சுவரில் கம்பிகளின் நிழல் விழுந்தது. அது கூடும்போது நிழல் கறுத்தது, குறையும்போது வெளுத்தது. அறைக்குள் லேசாகக் கற்பூர வாசனை. வீட்டில் கற்பூரம் கிடையாது.

வெள்ளிக்கிழமை அசர் பாங்கு முடிந்ததும் எழுதினார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் இரண்டே வரி. என் மகள் லத்தீபா ஜனவரியில் இறந்துவிட்டாள். கணக்கெல்லாம் அனுப்பியது நான். அனுப்பும் பொத்தானை அமுக்கிவிட்டு, உயிரைப் பிடுங்கி வெளியே வைத்தது போல உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

வெளிச்சத்துக்கும் கம்பிக்கும் நடுவே வானம் தெரிந்தது. விரலை வைத்து அளந்தார். அரை விரல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விரல். தெற்கே.

"ஒதுங்குது புள்ளே" என்றார், அடுத்த அறையில் ஓதிக்கொண்டிருந்த மனைவியிடம். "ஒதுங்கிப் போவுது."

தப்பித்தோம் என்றுதான் தோன்ற வேண்டும். தோன்றவில்லை. போன தடவை அவர் வந்து சேர்வதற்குள் அவள் போய்விட்டாள். இந்தத் தடவை பக்கத்திலேயே இருந்துகொண்டு அவரே போகச் சொல்லிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டார். கூப்பிடக் கூடாது.

ரம்ஜான் கிதாபை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து ஜன்னலில் நின்றாள். இரண்டு விரல் ஆயிற்று. மூன்று. வெளிச்சம் சிறுத்தது. அவள் ஏழு மாதமாகச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தரம்கூட அந்தப் பெயரைத் தவறிச் சொன்னவள் இல்லை. கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய உதடு பிரிவதை மதார் பார்த்தார். அவள் வாயைப் பொத்துவதற்கு எழுந்தார்.

"லத்தீபா" என்றாள். "எங்கம்மா போற? உம்மா இங்கன இருக்கேன். வாம்மா."

நின்றது.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் கேட்கவில்லை. அலைச்சத்தம் இல்லை. தெருவில் காக்கை இல்லை.

ரம்ஜான் மாடிப்படிக்கு ஓடினாள். அவர் பின்னால் போனார். படியெல்லாம் வெள்ளை. கடைசிப் படியில் சாரம் தடுக்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மாடித் தரையில் அவர்கள் இருவருடைய நிழலும் இல்லை; வெளிச்சம் நேர் உச்சியில் இருந்தது.

இப்போது வெளிச்சம் மாதிரி இல்லை.

நீளமாக இருந்தது. ஆள் நீளம். மெதுவாக உருண்டது. உருளும்போது ஒரு பக்கம் மங்கியது, ஒரு பக்கம் வெளுத்தது. இறங்கியது. சத்தமே இல்லை. கற்பூரம். சந்தன அத்தர். அடியில் ஈரமண்.

துணி. சுற்றிய துணி.

"நான் கட்டுனதுதான்" என்றாள் ரம்ஜான். அவள் குரலில் பயமே இல்லை; அதுதான் மதாரைக் குலை நடுங்க வைத்தது. "குளிப்பாட்டி, நாந்தாங்க கட்டுனேன்."

தலைமாட்டில் ஒரு முடிச்சு. இடுப்பில் ஒன்று. கால்மாட்டில் ஒன்று. குழிக்குள் வைத்ததும் அவிழ்த்துவிட வேண்டிய முடிச்சுகள். குழியில் இறங்குகிற நெருங்கிய உறவு அவிழ்க்க வேண்டும். தகப்பன் இருந்தால் தகப்பன்.

"எறங்குன மூணு பேத்தையும் கேட்டேன்" என்றாள். "ஒவ்வொருத்தரும் மத்தவரு அவுத்துட்டாருன்னு சொன்னாங்க. ஒங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

அது உருள்வதை நிறுத்தியது. கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்தது. மதார் பின்னால் நகர்ந்தார். சுவர். அதற்கு மேல் இடமில்லை. இடதுபக்கம் சாய்ந்தார். அதுவும் சாய்ந்தது.

தலைமாட்டு முடிச்சு அவர் நெஞ்சுக்கு நேராக, கை எட்டுகிற உயரத்தில் இறங்கி நின்றது. துணியின் மடிப்பில் மண் ஒட்டியிருந்தது. முடிச்சுக்குச் சற்றுக் கீழே, வாய் இருக்க வேண்டிய இடத்தில், துணி மெல்ல உள்ளே குழிந்தது. உப்பியது. மறுபடி குழிந்தது.