மாடிப்படியோரத்துச் சுவர்

மாடிப்படியோரத்துச் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. காலையிலிருந்து விடாத மழையில் வீடு முழுக்க ஈரச் சுண்ணாம்பு வாடை ஏறி, தரையெல்லாம் சில்லிட்டுக் கிடக்க, அந்த ஓர் இடம் மட்டும் காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது. எலக்ட்ரீஷியன் கையை வெடுக்கென்று எடுத்தார். அங்கே ஒயர் எதுவும் ஓடவில்லை. தன் சொந்த வீடான இதற்கு ஒயர் இழுத்ததே அவர்தான்.

வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். மனைவியோ நகராட்சிக்கு நடையாய் நடந்து, அதை ஊரின் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று நகராட்சிக் கூட்டத்தில் முடிவு. சற்றுமுன் தொப்பலாக நனைந்து வந்தவள், அறிவித்துவிட்டார்கள் என்றாள்.

"இனிமே இதுல ஒரு ஆணிகூட அடிக்க முடியாதுங்க."

சிரித்துக்கொண்டே தலை துவட்ட மாடிக்குப் போனாள். ஜெயித்தவள் சிரிக்கத்தானே செய்வாள் என்று அவர் தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தார்.

தண்ணீர் கொதிக்கும் சத்தத்துக்கு நடுவே ஓர் உரசல். நகத்தால் காரையைச் சுரண்டுவதுபோல.

"என்னங்க."

அவள் குரல். சுவருக்குள்ளிருந்து.

மாடிக்கு ஓடினார். அறை காலி. ஜன்னல்கள் தாழிட்டபடி இருந்தன. துண்டு மடிப்புக் கலையாமல் கிடந்தது. கட்டிலடியில் குனிந்து பார்த்தார், பீரோவைத் திறந்து பார்த்தார். அவள் போனுக்கு அழைத்தால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நகராட்சிக்குப் போன் போட்டு, சுவரை உடைக்க யாராவது வாருங்கள் என்று நாக்குழறக் கெஞ்சினார். எல்லோரும் இன்னும் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள் என்றது ஒரு சலித்த குரல்.

"மூச்சு முட்டுதுங்க. சீக்கிரம்."

அந்தச் சுவர் ஒரு செங்கல் அகலம். அந்தப் பக்கம் தெரு. நடுவில் ஓர் ஆள் நிற்க இடமே இல்லை. அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் உளியையும் சுத்தியலையும் எடுத்தார். வழக்குப் போடட்டும். ஜெயிலில் தள்ளட்டும். அடித்தார். விரல் நசுங்கியது. அடித்தார். உள்ளே அவள் இருமிக்கொண்டிருந்தாள்.

ஒரு செங்கல் உள்பக்கமாகச் சரிந்தது. அது விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

இருட்டு. பிறகு ஒரு கை. அவள் கை. அவள் மோதிரம்.

பாய்ந்து பற்றிக்கொண்டார். "வந்துட்டேம்மா. விட்டுடாத."

வாசல் கதவு திறந்தது. குடை மடங்கியது.

"இப்பதாங்க கூட்டம் முடிஞ்சுது," என்றபடி மனைவி உள்ளே வந்தாள். "போனை அணைக்கச் சொல்லிட்டாங்க. நம்ம வீட்டை அறிவிச்சாச்சு." உடைந்த சுவரைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "என்ன பண்றீங்க? யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?"

அவரால் திரும்ப முடியவில்லை. அவர் பிடித்திருந்த கை இப்போது அவரைப் பிடித்திருந்தது. அவர் கை முழங்கை வரை உள்ளே போய்விட்டது. கத்த நினைத்தார். வாய் திறந்தது, குரல் வரவில்லை.

"ஒண்ணுமில்லம்மா," என்றது அவருடைய குரல், சுவருக்குள்ளிருந்து. "இங்க வந்து ஒரு கை பிடி."

அவள் குடையை ஓரமாகச் சாய்த்துவிட்டு வந்து, கையை நீட்டினாள்.