போயிட்டு வாங்க

அன்றைக்கும் எங்கள் காரைக் காளைமாடுகள்தான் வீட்டுக்கு இழுத்து வந்தன. வல்லத்திராக்கோட்டையில் கார் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அதை மாடு பூட்டி இழுத்தவனும் நான் ஒருவன்தான். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன், உதிரி சாமானுக்குத் திருச்சி. கார்புரேட்டரை மாற்றினேன், மேக்னட்டோவை மாற்றினேன், எஞ்சினையே இறக்கிப் பார்த்தாயிற்று. ஒரு வயலை விற்றது மொத்தமும் அதன் வயிற்றுக்குள் போயிற்று. ஆனாலும் புதுக்கோட்டைக்குக் கிளம்பினால் பாதி வழியில், புளியமரங்களுக்கு நடுவே நின்றுவிடும். நிற்பதற்கு முன்னால் பின்சீட்டிலிருந்து சுக்கும் பூண்டும் கலந்த வாசனை வரும், பிள்ளை பெற்ற வீட்டில் வருமே, அதே வாசனை. அப்புறம் ஒரு பெருமூச்சு. சீட்டு ஸ்பிரிங்தான் அப்படிச் சத்தம் போடுகிறது என்று அதையும் மாற்றினேன்.

என் மனைவி சொர்ணவல்லிக்கு நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். மாட்டுவண்டிக் குலுக்கலை அவள் தாங்கமாட்டாள். இந்தக் காரை நம்பினால் நடுரோட்டில் அவளைப் பறிகொடுக்க வேண்டியதுதான். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும். அன்று டயரை எட்டி உதைத்தேன்.

டிரைவர் சவரியப்பன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"எசமான், இத முன்ன வச்சிருந்தவரு மருமகளப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. வண்டி வழியில நின்னுபோச்சாம். அந்தப் பொண்ணு பின்சீட்டுலயே முடிஞ்சுபோச்சு."

"இத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

தலையைச் சொறிந்தான்.

அடிமாட்டு விலைக்கு அதைத் தள்ளிவிட்டு வேறு கார் வாங்கினேன். பழையதை எடுத்துப்போகத் தரகர் வந்தபோது, கம்பியைப் போட்டு ஒரே சுற்றில் கிளம்பிப் போயிற்று சனியன். எனக்கு அதிலும் எரிச்சல்தான். தொலைந்தது என்று கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

சொர்ணவல்லிக்கு வலி கண்டது ஒரு மத்தியான வேளையில். படுத்தவாக்கில் வரட்டும் என்று பின்சீட்டு முழுவதையும் அவளுக்கு விட்டுவிட்டு, நான் சவரியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தேன். புதுக் கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

புளியமர நிழல் கவிந்தது.

சுக்கும் பூண்டும் மணத்தது.

"கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக்கங்க அக்கா, எடம் பத்தல" என்றாள் சொர்ணவல்லி.

வண்டி நின்றது.

நான் திரும்பவில்லை. "யாருகிட்டப் பேசுற?" என்றேன்.

"அன்னைக்குப் பழைய வண்டில போனாங்களே, அந்த அக்காதாங்க. வாசல்ல நின்னு போயிட்டு வாங்கன்னு சொன்னேன். வாரேன்னு தலையாட்டுனாங்க."

எங்கள் பக்கம் விடைபெறுகிறவர்களை 'போ' என்று யாரும் சொல்வதில்லை. பகையாளியைக்கூட 'போயிட்டு வாங்க' என்றுதான் அனுப்புவோம். அவளும் வாய்ப்பழக்கத்தில் சொல்லியிருக்கிறாள். வந்துவிட்டது.

சவரியப்பன் இறங்கிக் கம்பியைப் போட்டுச் சுற்றினான். எஞ்சின் உறுமக்கூட இல்லை. பின்னால் சொர்ணவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். இத்தனை செலவு, இத்தனை அலைச்சல், கடைசியில் அதே மரத்தடி! எனக்கு வெறியே பிடித்துவிட்டது. பின்பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"போ! எறங்கிப் போயிடு! திரும்பி வராத!"

கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது.

எஞ்சின் கிளம்பியது. ஆஸ்பத்திரிவரை எங்கும் நிற்கவில்லை. ஆண் குழந்தை. தாய்க்கும் ஒரு குறையுமில்லை என்றார்கள். நான் கோயில் கோயிலாகத் தேங்காய் உடைத்தேன்.

உடம்பு தேறியதும் அழைத்துவரப் போனோம். குழந்தையோடு ஏறி உட்கார்ந்தவள், வண்டி தெற்கே திரும்பியதும் சொன்னாள்:

"இங்கிட்டு ஏன் போறீங்க? நம்ம வீட்டுக்குக் குன்றாண்டார்கோவில் ரோட்டுலல்ல போகணும்?"

அந்த ஊரில் எங்களுக்கு ஒரு நாதியும் கிடையாது. சவரியப்பன் வேகத்தைக் குறைத்தான். என் காதோரம் குனிந்தான்.

"செத்துப்போன மருமகளோட ஊரு எசமான் அது. அன்னைக்குப் பின்சீட்டுல இருந்தது ரெண்டு பேரு. யாரப் போகச் சொன்னீங்க?"

"வாய மூடிட்டு ஓட்டு" என்றேன். பின்னால் அவள் குழந்தைக்கு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். நான் அதுவரை கேட்டிராத தாலாட்டு.

புளியமரங்கள் வந்தன.

சாலையோரத்தில், நல்ல வெயிலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள்.

"என்னங்க... நில்லுங்க..."

சொர்ணவல்லியின் குரல்.

"நிறுத்துடா! நிறுத்து!" என்று அலறினேன்.

சவரியப்பன் பிரேக்கின்மேல் ஏறியே நின்றான். வண்டி நிற்கவில்லை.