அந்த முனை

நீடாமங்கலம் தாண்டி, வயலுக்கு நடுவே மண் கொட்டி மேடாக்கிக் கட்டிய லாட்ஜ் அது. செம்மொழியும் அவள் அண்ணன் சபரிநாதனும் மத்தியானம் வந்து இறங்கியபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. ரிசப்ஷனில் இருந்தவன் சாவியை மேசைமேல் எறிந்தான். "குளிக்கறதுன்னா இப்பவே குளிச்சிடுங்க. சாயங்காலம் யாரும் அந்தப் பக்கம் போறதில்ல."

ஏனென்று இவர்கள் கேட்கவில்லை. லாட்ஜின் நீச்சல் குளத்துக்காகத்தான் இங்கே ரூம் போட்டதே. மறுநாள் காலை தஞ்சாவூரில் அவளுக்கு நீச்சல் தேர்வு. கடற்கரையில் உயிர்காப்பாளர் வேலை. ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றாயிற்று. வயது வரம்புப்படி இதுதான் கடைசி.

குளத்தைப் பார்த்ததும் சபரிநாதன் சிரித்துவிட்டான். "இது குளமா? எங்க படகு ஐஸ் பெட்டியே இதவிடப் பெருசு."

ஏழு கை போட்டால் சுவர். அப்படிப்பட்ட குளத்தில் நீந்துவது ஏமாற்று வேலை. ஒவ்வொரு தடவையும் சுவரை உதைத்துத் திரும்பும் வேகத்திலேயே பாதி தூரம் ஓடிவிடும்; தோளுக்கு வேலையே இருக்காது. தேர்வு நடப்பது நீளமான குளத்தில். அங்கே சுவர் வந்து காப்பாற்றாது. அதனால் அவள் பையில் எப்போதும் ஒரு ரப்பர் குழாய் கிடக்கும். ஒரு முனையை இடுப்பு பெல்ட்டில் மாட்டி, மறுமுனையை அசையாத எதிலாவது கட்டிவிட்டால் போதும். இருந்த இடத்திலேயே உயிர் போக நீந்தலாம்.

கட்டுவதற்குக் குளத்து விளிம்பில் ஒரு கல்தான் இருந்தது. இடுப்பு உயரம், உச்சியில் கை நுழைகிற துளை. பழைய மதகுக் கல். அழகுக்காக விட்டுவைத்து வெள்ளையடித்திருந்தார்கள்.

வாட்ச்மேன் இளையபெருமாள் வலைக்கரண்டியால் குளத்தில் இலை அள்ளிக்கொண்டிருந்தார். குழாயைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"அதுலயா கட்டப் போறீங்க?"

"ஏங்க, கூடாதா?" என்றாள் செம்மொழி.

"கட்டுறது உங்க இஷ்டம். அவுக்கறது உங்க இஷ்டம் இல்ல. நான் சொன்னாத்தான் அவுக்கணும்."

"கலெக்டர் உத்தரவு," என்று முணுமுணுத்தான் சபரிநாதன்.

அவருக்குக் காது நன்றாகவே கேட்டது. "இங்க வாய்க்கா ஓடுனப்ப அதான் சட்டம் தம்பி. அடியில வயலுக்குத் தண்ணி போற குழா. சேறு அடைச்சுக்கிட்டா ஆளுதான் உள்ள நுழைஞ்சு எடுக்கணும். இடுப்புல கயிறு, மறுமுனை இந்தக் கல்லுல. கல்லுல கயிறு கிடந்தா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். எவனும் மதகு ஷட்டரைத் தொடக் கூடாது."

"இப்பத்தான் வாய்க்காலே இல்லையே. மூடிட்டுக் கட்டடம் கட்டிட்டீங்க."

"நான் கட்டல," என்றார் அவர்.

சபரிநாதனே முடிச்சுப் போட்டான். செம்மொழி கல்லுக்கு முதுகைக் காட்டி இறங்கி நீந்த ஆரம்பித்தாள். குழாய் நீண்டது, இழுத்தது. அவள் கை போட்டாள். நகரவில்லை. நகராமல் இருப்பதுதான் பயிற்சி.

"இப்படியே நீந்திக்கிட்டிரு, ஊரு வந்துடும்," என்றான் அண்ணன்.

வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. குளோரின் வாடை மெல்லக் குறைந்து வேறொன்று எழுந்தது. கிளறிவிட்ட சேறு. நாள்பட்டு அழுகிய வைக்கோல். நீலமாக இருந்த தண்ணீர் கல்லின் பக்கம் பழுப்பாகியிருந்தது.

"போதும், மேல வா," என்றான் சபரிநாதன்.

அவள் காது தண்ணீருக்குள் இருந்தது.

குழாய் கல்லிலிருந்து நேராக அவள் இடுப்புக்குப் போக வேண்டும்.

போகவில்லை.

கல்லிலிருந்து செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கி, அடியில் வடிகால் சல்லடையருகே மடங்கி, அங்கிருந்து அவளிடம் போனது. மடங்கிய இடத்தில் குழாய் நசுங்கியிருந்தது. பிடித்திருக்கும் கை மட்டும் தெரியவில்லை.

அவள் தலை உள்ளே போனது. வெளியே வந்தது.

"அண்ணே!"

மறுபடி உள்ளே போனது.

சபரிநாதன் கல்லுக்குத் தாவினான்.

"அவுக்காத!" இளையபெருமாள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "ஏறி வர்றாருடா! விடு, அவரு ஏறட்டும்!"

"என் தங்கச்சி சாகுறாய்யா!"

முடிச்சு அவிழ்ந்தது. குழாய் அவன் கையைவிட்டு நழுவித் தண்ணீருக்குள் போயிற்று. ஒரேயடியாக அல்ல, விட்டு விட்டு, யாரோ கை மாற்றிக் கை மாற்றி இழுப்பது போல. கடலில் வலை வாங்கும் சபரிநாதனுக்கு அந்த இழுவை தெரியும்.

செம்மொழி பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கரையில் தொற்றி ஏறினாள். விரல்கூட நுழையாத சல்லடைக்குள் பெல்ட்டும் போனது.

இளையபெருமாள் குனிந்து சல்லடையைப் பார்த்தார்.

"அன்னைக்கும் இப்படித்தான். மேலவயலுக்குத் தண்ணி வரலன்னு அவசரம். கயித்தை அவுத்து வீசிட்டு ஷட்டரைத் தூக்குனானுங்க. உள்ள எங்க சித்தப்பா." காறித் துப்பினார். "கல்லுல இருந்த முனையை அவுத்துட்டீங்க. அந்த முனை?"

"நான்தான் பெல்ட்டக் கழட்டிட்டேனே," என்றாள் அவள், மூச்சு வாங்க.

அவர் அவள் இடுப்பைப் பார்த்தார்.

நீச்சலுடையைச் சுற்றி ஒரு சேற்றுக் கோடு. ரப்பர் தடமென்றால் வழவழவென்று இருக்கும். இதில் நார்க்கயிற்றின் முறுக்கு தெரிந்தது.

சோப்பு போட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

மறுநாள் தஞ்சாவூரில் நல்ல வெயில். விசில் ஊதியதும் பாய்ந்தவள் எல்லோரையும் முந்திவிட்டாள். சபரிநாதன் கரையில் கூடவே ஓடிக் கத்தினான். "விடாத! அவ்வளவுதான், விடாத!" கடைசிச் சுற்று. பின்னால் வந்தவர்களுக்கும் அவளுக்கும் பெரிய இடைவெளி.

அந்த இடைவெளி குறைந்தது.

ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் கை ஓயவில்லை, கால் ஓயவில்லை. தண்ணீர் நுரைத்தது. குளத்தின் நடுவே அதே இடத்தில் நீந்திக்கொண்டிருந்தாள்.

கைதட்டியவர்கள் நிறுத்தினார்கள்.

அவிழ்க்க ஒரு முடிச்சாவது இருக்கிறதா என்று சபரிநாதன் கரை முழுக்கத் தேடி ஓடினான்.

செம்மொழி பின்னால் போக ஆரம்பித்தாள். மெதுவாக, விட்டு விட்டு.