கண்ணீர்ப் பங்காளிகள்

மகனுக்குப் பதினாறாம் நாள் காரியம்கூட ஆகவில்லை. கோமளவல்லி பக்கத்து வீட்டிலிருந்து வந்த வஞ்சிர மீன் குழம்பை ஊற்றி வயிறு முட்டச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக ஓர் ஏப்பமும் விட்டாள். அந்த ஏப்பத்தில்தான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. பெத்த பிள்ளையைப் பறிகொடுத்தவள் இப்படியா தின்பாள்?

இதற்குக் காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். அவள் இடது காதுக்குப் பின்னால் மிளகு அளவுக்கு ஒரு துயர்வாங்கி ஒட்டியிருந்தது. எல்லைச் சண்டை முடிகிற மாதிரி தெரியவில்லை என்றானதும் அரசு செய்த ஏற்பாடு அது. சிப்பாய் இறந்த செய்தியைச் சொல்ல வருகிறவர்களே அதையும் கொண்டுவந்து தாயின் காதோரம் ஒட்டிவிட்டுப் போவார்கள். அது அவள் துக்கத்தை உறிஞ்சி ஆயிரம் பேருக்குப் பங்கு போட்டு அனுப்பும். வாங்கிக்கொள்கிறவர்கள் முன்பின் தெரியாதவர்கள். தேர்தல் டூட்டி மாதிரி முறை வைத்து ஒவ்வொருவருக்கும் வரும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்ன பெரிய பாரம், கொஞ்சம் மனசு கனக்கும், ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும் என்று விளம்பரத்தில் ஒரு நடிகர் பல்லெல்லாம் தெரியச் சொல்வார்.

நம் ஆட்கள் இதையும் விடுவார்களா? காட்பாடியில் அவள் தெருமுனையிலேயே மகன் பரணிதரனுக்குக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். நடுவில் சீருடையில் பரணி. சுற்றிலும் 'கண்ணீர்ப் பங்காளிகள்' என்று ஸ்டாம்பு அளவில் முகங்கள், பெயர், ஊர். இதில் ஒருவன் கூலிங்கிளாஸ் வேறு போட்டிருந்தான். அழுகிற மூஞ்சியா அது!

கோமளவல்லி மின்வாரியத்தில் திருட்டுக் கண்டுபிடிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சந்தேகம் அவளுக்குச் சம்பளம் கொடுத்த தொழில். டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு தெருவுக்கு இவ்வளவு கரண்ட் போகிறது, அந்தத் தெரு வீட்டு மீட்டரெல்லாம் சேர்த்தால் இவ்வளவுதான் ஓடியிருக்கிறது, அப்படியானால் நடுவில் எவனோ கொக்கி போட்டிருக்கிறான். அவளுக்குத் தெரிந்த சாஸ்திரம் இவ்வளவே. இப்போது தன் துக்கம் எந்தக் கம்பி வழியாக எங்கே போகிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. கூலிங்கிளாஸ்காரனையெல்லாம் விட்டுவிட்டு, ஃப்ளெக்ஸின் ஓரத்தில் தலை குனிந்திருந்த ஒரு பெண்ணின் முகத்தைத் தேர்ந்தெடுத்தாள். மெஹருன்னிசா, ஆம்பூர். பஸ் ஏறிவிட்டாள்.

மெஹருன்னிசா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள். முப்பது வயதிருக்கும். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா. ஃபோட்டோ போட வேணாம்னுதான் சொன்னேன், அவங்க கேக்கல."

"அதுக்கு வரலம்மா. நீ நிஜமாவே அழறியான்னு பாக்க வந்தேன்."

கேட்ட கேள்விக்கு அவள் செருப்பால் அடித்திருந்தாலும் நியாயம்தான். அடிக்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். கண் வீங்கி, உதடு வெடித்து, வேலைக்குப் போயே பல நாளாகியிருந்தது. நடிப்பைக் கோமளவல்லி நிறையப் பார்த்திருக்கிறாள். மீட்டர் ஓடாமலிருக்கக் காந்தம் வைத்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! இது அந்த வகை இல்லை.

"ஆயிரத்துல ஒரு பங்குக்கே எனக்கு இப்படி இருக்கே, மொத்தமும் உங்களுக்குன்னு இருந்தா என்ன ஆகியிருப்பீங்க? அதை நினைச்சுத்தான் நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல. எனக்குத்தான் மனசுல தெம்பு இல்லன்னு இருந்துட்டேன்."

"என்ன தோணுது உனக்கு? விவரமாச் சொல்லு."

மெஹருன்னிசா தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. யாரோ போகமாட்டேன்னு நிக்கிறாங்க. நான்தான் பிடிச்சுத் தள்ளி அனுப்பி வெச்ச மாதிரி... என் கையாலயே. எனக்குப் பிள்ளையே இல்லம்மா. நான் யாரை அனுப்பினேன்?"

துயர்வாங்கி உணர்ச்சியை மட்டும்தான் அனுப்பும், விவரத்தை அனுப்பாது. விவரம் கோமளவல்லியிடம் பத்திரமாக இருந்தது. கடைசி லீவு முடிகிற அன்று பரணி, "அம்மா, மேல பனிமலை போஸ்ட்டுல சூடேத்தி ஓடவே இல்ல, கரண்ட் வர்றதில்ல. லீவை நீட்டிக் கேக்கட்டுமா?" என்றான். "சாக்குச் சொல்லாதடா, ஊர் சிரிக்கும்" என்று அவள்தான் பையைத் தூக்கிக் கொடுத்து ரயிலேற்றினாள். பனிப்புயலில் வீரமரணம் என்று தகவல் வந்தது. அந்தக் காட்சியை இப்போது நினைத்துப் பார்த்தால் பழைய பஸ் டிக்கெட்டைப் பார்க்கிற மாதிரிதான் அவளுக்கு இருந்தது. அந்தக் குற்றவுணர்ச்சி மொத்தமும் இங்கே, ஒரு தையல்காரியின் நெஞ்சில் கிடந்து கொதித்துக்கொண்டிருந்தது.

ஆயிரத்தில் ஒரு பங்காவது, மண்ணாவது! இது முழுசு.

மறுநாள் காலை வேலூரில் துயர்ப்பகிர்வு வாரியத்தின் அலுவலகத்துக்குப் போனாள். தயாபரன் என்ற இளம் அதிகாரி இளநீர் கொடுத்து உபசரித்தார். அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. சர்க்கார் ஆபீஸில் இளநீரா?

"தம்பி, ஒரு டிரான்ஸ்பார்மர்லேர்ந்து போறது ஆயிரம் வீட்டுக்குப் பிரிஞ்சா ஒரு வீட்டுக்கு ஒரு குண்டு பல்பு எரியும். ஆம்பூர்ல ஒரு வீட்ல ஊருக்கே எரியற வெளிச்சம் எரியுதே, எப்படி?"

தயாபரன் பூசி மெழுகிப் பார்த்தார். அவள் விடுகிற ஆளில்லை. கடைசியில் கதவைச் சாத்திவிட்டு வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"துக்கம் பிரியறதில்லைங்கம்மா. எத்தனை பேருக்கு அனுப்பினாலும் அத்தனை பேருக்கும் முழுசாத்தான் போகுது. ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்."

"தெரிஞ்சேவா?"

"ஒருத்தருக்கு மட்டும் அனுப்பினா அவர் சண்டைக்கு வந்துடுவார். ஆயிரம் பேர்னு சொல்லிட்டா, தன் மனசுதான் பலவீனம்னு நினைச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரும் சும்மா இருந்துடறாங்க."

கோமளவல்லிக்குக் கொக்கி எங்கே போட்டிருக்கிறது என்று விளங்கிவிட்டது. என் பிள்ளை ஏன் செத்தான் என்று கேட்க உரிமை உள்ளவளுக்கு அழுகை வராது. அழுகிறவர்களுக்கோ கேட்க உரிமை கிடையாது. நீ யாரம்மா அந்தப் பையனுக்கு என்று வாயை அடைத்துவிடலாம். அடப்பாவிகளா, எப்பேர்ப்பட்ட மூளை!

ஆனால் அந்த மூளைக்கு ஒன்று தெரிந்திருக்கவில்லை. அழாத தாய்மார்கள் எல்லோரும் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள் என்று நினைத்துவிட்டார்கள்.

"சரி தம்பி, அது போகட்டும்" என்றாள் அவள், குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல். "என் மகன் இருந்த போஸ்ட்டுல மின்சாரம் என்னைக்கு நின்னுச்சு? பேட்டரிக்கு ஒப்பந்தம் எடுத்தது யார்? சூடேத்தி கடைசியா ஓடின பதிவை எனக்குக் காட்டச் சொல்லுங்க. புயல்ல செத்தானா, குளிர்ல விட்டதால செத்தானா? அது ராணுவ ரகசியம்னா எழுத்துல கொடுங்க, நான் கோர்ட்டுல கேட்டுக்கறேன்."

தயாபரனுக்கு முழி பிதுங்கியது. அழுகிற தாயைச் சமாதானப்படுத்த அவருக்குப் பயிற்சி உண்டு. கண்ணில் பொட்டு ஈரம் இல்லாமல் கணக்குக் கேட்கிற தாயை அவர் பார்த்ததில்லை. எழுந்து உள்ளே போனார், யாரிடமோ ஃபோனில் பேசினார், வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார்.

"அம்மா, உங்க துயரத்தை இப்பவே திருப்பிக் கொடுத்துடச் சொல்லிட்டாங்க. துயர்வாங்கியைக் கழட்டினா ஆயிரம் பேருக்கும் நின்னுடும், உங்களுக்கு முழுசா வந்துடும். அதானே நீங்க கேட்டு வந்தது?"

வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் அதற்குத்தான் வந்தாள். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த ஒரே ஆசைதான். ஒரு சொட்டாவது கண்ணீர் வரவேண்டும், பரணிக்குத் தான் தாய்தான் என்று தனக்கே நிச்சயமாக வேண்டும். தயாபரனின் விரல் காதருகே வந்துவிட்டது. கழற்றினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மெஹருன்னிசாவின் வாசற்படியில் அதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். தள்ளி அனுப்பியவள் நான்தான், நான் என்ன முகத்தோடு கேள்வி கேட்பேன் என்று அப்படியே முடங்கிப்போவாள். இவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் இத்தனை அவசரம் எதற்கு?

"கையை எடு தம்பி" என்றாள்.

அன்று சாயங்காலமே மறுபடி ஆம்பூர். எல்லாவற்றையும் மெஹருன்னிசாவிடம் ஒளிக்காமல் சொன்னாள். பரணியின் பெயர், அவன் குளிருக்குப் பயந்தது, ரயிலேற்றியது யார் என்பது, பங்கு பிரியவே இல்லை என்பது, கழற்றினால் இவளுக்கு இப்போதே நின்றுவிடும் என்பது. சொல்லும்போதே அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. வாரியத்துக்காரன் கேட்காமல் இவள் மேல் பாரத்தை ஏற்றிவிட்டான். நான் கேட்டுவிட்டு ஏற்றப் போகிறேன். என்ன பெரிய வித்தியாசம்?

"வழக்கு முடியற வரைக்கும் எனக்கு அழுகை வரக்கூடாதும்மா. வந்தா நான் விழுந்துடுவேன். முடியலன்னா சொல்லிடு, இங்கேயே பிச்சு எறிஞ்சிடறேன். ஃப்ளெக்ஸுல மிச்சம் இருக்கறவங்களையும் ஒவ்வொருத்தரா போய்க் கேக்கப் போறேன். ஒருத்தர் மாட்டேன்னாலும் கழட்டிடுவேன்."

மெஹருன்னிசா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க கேளுங்கம்மா. நான் அழறேன்" என்றாள்.

கோமளவல்லி அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். போக மனசில்லாமல் கொஞ்சநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு உதவி பண்ணு" என்றாள். "எனக்கு எப்படி வலிக்குதுன்னு கொஞ்சம் சொல்லேன்."