மொட்டைக்காசு டப்பா

விமல்ராஜ் தன் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து சுப்ரியாவின் வீட்டு வாசலில் வைத்தபோது, அவன் ஏதோ விளையாடுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அந்த டப்பாவை அவன் யாரையும் தொடவிட்டதில்லை. சாப்பிடும்போதுகூட அதை மடியில் வைத்துக்கொள்ளும் பையன் அவன்.

"நீயே வெச்சுக்கோ. புதன்கிழமை நாங்க கெலமங்கலம் போறோம். இது எதுக்கு அங்க?" என்றான்.

டப்பாவில் இருந்தவை மொட்டைக்காசுகள். ஓசூரில் அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு எதிரில் ஒரு தொழிற்சாலை இருந்தது. எவர்சில்வர் தகட்டை வட்ட வட்ட வில்லைகளாக வெட்டி, விளிம்பை எழுப்பி, பளபளப்பாக்கி, மூட்டை கட்டி நாணயச் சாலைக்கு அனுப்புவார்கள். சிங்கமும் எண்ணும் அங்கே போனபிறகுதான் விழும். அதுவரை அது காசே இல்லை. மிட்டாய்க் கடையில் நீட்டினால் கடைக்காரர் சிரிப்பார். இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்ததால் பிள்ளைகள் அதற்கு மொட்டைக்காசு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தொழிற்சாலைக்குள் இருந்து நல்ல வில்லை ஒன்றைக்கூட வெளியே எடுத்துவர முடியாது. ஆனால் தேறாத வில்லைகளை அள்ளிக்கொண்டு கழிவு லாரி ஒன்று வாரம் ஒருமுறை புறப்படும். லைன் வீட்டு முனையில் இருந்த வேகத்தடையில் அது ஏறி இறங்கும்போது நாலைந்து சிந்தும். அதைப் பொறுக்க சுப்ரியாவும் விமல்ராஜும் புழுதியில் தவம் கிடப்பார்கள். இருவரும் ஆறாம் வகுப்பு. படிப்பில் காட்டாத அக்கறையை எல்லாம் இதில் காட்டினார்கள்.

பொறுக்கிவந்ததை அவர்கள் தரம் பிரிப்பார்கள். ஓரம் பிறைபோல வெட்டுப்பட்டிருந்தால் கடிகாசு. கீறல் விழுந்திருந்தால் பூனைக்காசு. மயிரிழை போல விரிசல் ஓடியிருந்தால் ஊமைக்காசு. ஊமைக்காசைச் சிமெண்டுத் தரையில் போட்டால் கிணீர் என்று கேட்காது, டொக் என்று கேட்கும். எந்தக் குறையும் இல்லாதது ராஜாகாசு. தேறாதவற்றோடு ராஜாகாசு வருவது அபூர்வம். போன வருடம் முழுக்கத் தேடியும் சுப்ரியாவுக்கு ஏழுதான் கிடைத்தன.

தரம் பிரிக்கக் கற்றுக்கொடுத்தது விமல்ராஜின் அம்மா ரங்கம்மா. அவரும் சுப்ரியாவின் அம்மா ராஜலட்சுமியும் அந்தத் தொழிற்சாலையில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வில்லை பார்க்கிறவர்கள். ஒரு தட்டு வில்லையைப் பரப்பி, டியூப்லைட் வெளிச்சத்தில் குறையுள்ளதைப் பொறுக்கி எறியவேண்டும். பிறகு அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து அப்படியே திருப்பினால் மறுபக்கம் தெரியும். அதையும் பார்த்து முடித்து, தன் எண் எழுதிய சீட்டைத் தட்டில் போடவேண்டும். கடைசியாகப் பார்த்தவர் யாரோ அவருடைய சீட்டுதான் மூட்டையோடு போகும். தப்பு நடந்தாலும் அவர்தான் பொறுப்பு.

அப்படித்தான் ரங்கம்மாவுக்கு வேலை போயிற்று. நாணயச் சாலையிலிருந்து மூன்று மூட்டை திரும்பி வந்தது. உள்ளே அத்தனை ஊமைக்காசுகள். மூன்று மூட்டைக்கும் பதினாலாம் எண் சீட்டுதான் போயிருந்தது. அது ரங்கம்மாவின் எண். சீட்டு என்னுடையதுதான் என்று சொன்னதோடு அவர் வாயை மூடிக்கொண்டாராம்.

"கெலமங்கலத்துல எந்த ஸ்கூல்ல சேரப் போறே?" என்று சுப்ரியா கேட்டாள்.

"ஸ்கூல் எல்லாம் இல்ல. மாமா தக்காளித் தோட்டத்துல ஆள் வேணுமாம்" என்றான் விமல்ராஜ். அழுதுவிடுவோமோ என்று பயந்தவன்போல வேகமாகத் திரும்பி நடந்தான்.

சுப்ரியா உள்ளே போய்த் தன் டப்பாவையும் எடுத்துவந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு டப்பாக்களையும் தனித்தனியாகத் தரையில் கொட்டினாள். மனசு சரியில்லாதபோது அவள் எப்போதும் காசுகளைத்தான் பிரிப்பாள். கடிகாசு ஒரு பக்கம், பூனைக்காசு ஒரு பக்கம். ராஜாகாசுகளை எண்ணியபோது அவள் கை நின்றது.

அவளிடம் பத்தொன்பது. விமல்ராஜிடம் பதினாறு. போன வருடம் முழுக்க அவளுக்கு ஏழு. மீதிப் பன்னிரண்டும் இந்த இரண்டு மாதத்தில் மட்டும் வந்தவை. ஒவ்வொன்றாகக் கிடைக்கும்போது குதித்ததில் இருவருமே இதை யோசிக்கவில்லை.

ராஜாகாசு ஏன் கழிவு லாரியில் வரவேண்டும்? மேசையில் யாரோ நல்லதைத் தேறாது என்று எறிகிறார்கள். அப்படி எறிகிறவர் விரிசல் உள்ளதை நல்லது என்று அனுப்பவும் கூடும். ரங்கம்மா அத்தை அப்படிச் செய்யவே மாட்டார். பறக்கிற கொசுவுக்குக் கால் எத்தனை என்று சொல்லும் கண் அவருக்கு.

சுப்ரியா மெல்லத் தன் பள்ளிச் சட்டையைப் பார்த்தாள். தோள்பட்டைக் கிழிசலை அம்மா போன மாதம் தைத்துத் தந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் வெளிர்நீல நூல். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அசதியில் நூலை மாற்றி எடுத்துவிட்டார் என்று நினைத்து அவள் சொல்லாமல் இருந்துவிட்டாள்.

சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்ததும், சுப்ரியா பத்துக் காசுகளைத் தட்டில் பரப்பி முன்னால் வைத்தாள்.

"இதுல எதெல்லாம் ராஜாகாசு, சொல்லும்மா."

ராஜலட்சுமி சிரித்துக்கொண்டே தட்டைத் தூரமாகத் தள்ளிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். மூன்றை எடுத்து நல்லது என்று வைத்தார். அதில் ஒன்றை எடுத்து சுப்ரியா தரையில் போட்டாள்.

டொக் என்று கேட்டது.

அம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பிறகு அம்மா எல்லாவற்றையும் சொன்னார். சில மாதங்களாகக் கிட்டத்துப் பொருள் எல்லாம் கலங்கலாகத் தெரிகிறதாம். மதியத்துக்கு மேல் வில்லை எல்லாம் ஒரே வெள்ளைப் பளபளப்பாகிவிடுமாம். ரங்கம்மா அதைக் கண்டுபிடித்து, யாருக்கும் தெரியாமல் அம்மாவின் தட்டையும் வாங்கி இன்னொருமுறை பார்ப்பாராம். கடைசியாகப் பார்ப்பவர் அவர் என்பதால் அவருடைய சீட்டையே போடுவாராம். தன் தட்டையும் பார்த்து அம்மா தட்டையும் பார்க்கும் அவசரத்தில் அவருக்கும் சில தப்பிவிட்டன.

"அத்தையை எல்லாரும் திட்டினப்போ நீ எங்கம்மா இருந்தே?" என்று சுப்ரியா கேட்டாள்.

"அங்கேதான் இருந்தேன்."

"அப்போ ஏன் சொல்லல?"

"எனக்குக் கண்ணு போய்ட்டு இருக்கு சுப்ரியா. தெரிஞ்சா உள்ளேயே விடமாட்டாங்க. அப்பாவும் இல்ல. உன்னை வெச்சுக்கிட்டு நான் எங்கே போவேன்?"

சுப்ரியாவுக்குக் கோபம் வந்தது. அம்மாமேல் அவளுக்கு அப்படிக் கோபம் வந்ததே இல்லை. கூடவே பயமும் வந்தது. அம்மாவுக்கு ஒருநாள் கண்ணே தெரியாமல் போய்விட்டால்? கோபமும் பயமும் சேர்ந்து அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது பள்ளிக்கூடப் பலகையில் எழுதியிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் இலவசக் கண் முகாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் நாளைக்குத்தான்.

மறுநாள் காலையில் அம்மா வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். கண் போய்விட்டது என்று டாக்டர் வாயால் வேறு கேட்க வேண்டுமா என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது. வழக்கமாகப் பள்ளிக்கு இழுத்துப் போவது அம்மா. அன்றைக்கு எல்லாம் தலைகீழ்.

முகாமில் டாக்டரம்மா அம்மாவின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். ஒரு கண்ணாடிச் சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, கையில் ஒரு அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அம்மா கடைசி வரியில் இருந்த பொடி எழுத்தைக்கூடப் படித்தார்.

"வெள்ளெழுத்தும்மா. நாப்பது வயசு வந்தா எல்லாருக்கும் வர்றதுதான். கண்ணாடி போட்டா சரியாப் போச்சு. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கோங்க" என்றார் டாக்டரம்மா.

ராஜலட்சுமி கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றாமலே அழுதார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இவருக்குப் பெரிய வியாதி போலிருக்கிறது என்று பாவப்பட்டார்கள்.

சிறிய விஷயம்தான். ஒரு கண்ணாடியில் தீருகிற விஷயம். அதற்குத்தான் ரங்கம்மா வேலையை இழந்து நிற்கிறார், விமல்ராஜ் தக்காளி பறிக்கப் போகிறான். இதை நினைத்தபோது சுப்ரியாவுக்கு முன்னைவிட அதிகமாக வலித்தது. திரும்பி வரும் வழியில், அவள் சொல்லாமலே அம்மாவுக்கும் அது புரிந்திருந்தது.

திங்கட்கிழமை அம்மா வேலைக்குக் கிளம்பும்போது டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். சுப்ரியாவும் விமல்ராஜின் பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தாள். கேட்டுக்குப் பத்தடி முன்னால் அம்மாவின் கால் நின்றுவிட்டது.

"உண்மையைச் சொன்னா சூப்பர்வைசர் நல்லுசாமி சார் என்னைச் சும்மா விடமாட்டாரு" என்றார்.

"தெரியும்மா. நான் இங்கேயே நிக்கிறேன். நீ வெளியே வரும்போது யாராவது இருக்கணும்ல."

அம்மா அவளை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வாட்ச்மேன் திம்மராயன் ஸ்கூல் இல்லையா என்று இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்காமல், நிழலில் நிற்கச் சொல்லித் தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். சுப்ரியா உட்காரவில்லை. உட்கார்ந்தால் அம்மா வருவது தெரியாமல் போய்விடும் என்று அவளுக்கு ஒரு பயம். பத்து மணிச் சங்கு ஊதியது. வெயில் ஏறியது. பதினொன்றரைக்கு அம்மா சாப்பாட்டுக் கூடையோடு வெளியே வந்தார்.

உள்ளே எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டினார்களாம். பதினைந்து நாள் வீட்டில் இருக்கவேண்டும், சம்பளம் கிடையாது. அதற்குப் பிறகும் மேசையில் இடம் இல்லை. மூட்டை தைக்கிற இடத்தில் நிற்கவேண்டும். அங்கே கூலி குறைவு. ரங்கம்மாவை நாளைக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். இதை எல்லாம் அம்மா கடையில் வாங்கவேண்டிய சாமான்களை ஒப்பிப்பதுபோலச் சொன்னார். கை மட்டும் சுப்ரியாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தது.

இருவரும் நேராக ரங்கம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். பாத்திரங்களை எல்லாம் பழைய சேலையில் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். அம்மா வாசலிலேயே நின்று சொல்லி முடித்தார். ரங்கம்மா உள்ளே வா என்று சொல்லவில்லை.

"வேலை போச்சுன்னு நான் அழுவல ராஜி" என்றார் ரங்கம்மா. "அந்த மேசையைச் சுத்தி எல்லாரும் நின்னாங்க. நீயும் நின்னே. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னே."

சுப்ரியா கையிலிருந்த பிஸ்கட் டப்பாவை விமல்ராஜிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கி, திறந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு மடியில் வைத்துக்கொண்டான்.

"இந்தப் பிள்ளை காலையில இருந்து வெயில்லயா நின்னுச்சு?" என்று ரங்கம்மா கேட்டார். சேலை மூட்டையின் முடிச்சை அவிழ்த்து ஒரு தட்டை எடுத்தார். "களி இருக்கு. வா கண்ணு, தின்னுட்டுப் போ."

அம்மாவைக் கூப்பிடவில்லை. அம்மா தனியாக வீட்டுக்கு நடந்தார். ரங்கம்மா மறுபடி அவரிடம் பேசுவதற்குப் பதினோரு நாள் ஆயிற்று. அன்றும் தண்ணீர்க் குழாயில், உன் குடம் நிரம்பிடுச்சு, எடு என்று மட்டும்தான் சொன்னார். அன்று அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடிவந்தார்.

அதற்கு முன்பே, சொன்னபடி அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி வந்துவிட்டது. தடித்த கறுப்புச் சட்டம். அம்மா அதை மாட்டிக்கொண்டு முதலில் அரிசியைப் பார்த்தார். பிறகு காலண்டரைப் பார்த்தார். பிறகு கொடியில் காய்ந்துகொண்டிருந்த சுப்ரியாவின் பள்ளிச் சட்டையை எடுத்து மடிக்கப் போனவர், தோள்பட்டைப் பக்கம் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஏண்டி, ஒரு மாசமா இந்த நீல நூலோடவா ஸ்கூலுக்குப் போனே? சொல்றதுக்கு என்ன?"

"நீ மட்டும் சொன்னியாக்கும்?" என்றாள் சுப்ரியா.

அம்மா தரையில் உட்கார்ந்து நீல நூலை ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். வெள்ளை நூலை எடுத்து, ஊசியின் காதில் முதல்முறையிலேயே கோர்த்தார்.