தொட்டிக்குள் சாம்பிராணி வாசம்

அந்த மீன்கள் தினமும் விடியற்காலையில் செத்துப்போயின. உச்சிப்பொழுதுக்குள் உயிரோடு எழுந்து நீந்தின.

நம்ப முடியவில்லை, இல்லையா? மாத்தளை கொங்காவலையில் இருந்த இத்ரூஸ் வீட்டாரும் முதலில் நம்பவில்லைதான். கண்ணால் பார்த்த பிறகு என்ன செய்வது?

இத்ரூஸ் கடைத்தெருவில் வெற்றிலைச் சுண்ணாம்பு விற்பவர். அவருடைய தம்பி ஸமத்துக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. வெள்ளைக்காரர்கள் துறைமுகத்தை விட்டுப் போனபோது போட்டுவிட்டுப் போன கண்ணாடித் தொட்டி ஒன்றை ஸமத் எடுத்து வைத்திருந்தார். அதில் கடல் தண்ணீரை ஊற்றி, உயிருள்ள பவளம் ஒன்றை வளர்த்தார். பவளத்தின் பக்கத்தில் ஒரு கடல்பூ. அந்தப் பூவுக்குள் ஒளிந்து விளையாட, வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள்.

கப்பல் வேலைக்கு மாறிப் போகும் முன் தொட்டியை அண்ணன் வீட்டில் இறக்கிவிட்டார்.

"இது கல்லு இல்ல மகள், உசிருள்ளது," என்றார் ஸமத் சாச்சா, அண்ணன் மகள் ஜுனைதாவிடம். "கடல் தண்ணியும் உங்க வாப்பாட சுண்ணாம்பு மாதிரிதான். கொஞ்சம் காரம். அது புளிச்சிரக் கூடாது. புளிச்சா எல்லாம் போயிரும். நீதான் பாத்துக்கணும்."

"நான் பாத்துக்கிறேன் சாச்சா," என்றாள் பதினொரு வயது ஜுனைதா.

சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். கருவாட்டு லொறி ஓட்டும் இராசமாணிக்கம் கடலோரத்திலிருந்து பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். பழைய தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவாள். மீன்களுக்குப் பெயர் வைத்தவன் அவளுடைய ஆறு வயதுத் தம்பி பலீல். ஒன்று பட்டாணி, இன்னொன்று சுண்டல். அவனுக்கு எப்போதும் தீனி நினைப்புத்தான்.

மழைக்காலம் வந்ததும்தான் எல்லாம் கெட்டது.

தொட்டி இருந்த அறையில் பலீலும் உம்மாவும் படுப்பார்கள். அலுமாரிக்குப் பின்னால், தொட்டிக்குக் காற்று ஊதும் சின்ன மின்சாரப் பம்பு 'ம்ம்ம்... ம்ம்ம்...' என்று முனகிக்கொண்டே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே கொக்கோ மரங்கள். சாயங்காலமானால் மூடுபனி அந்த மரங்களுக்கு இடையே இறங்கி ஜன்னல் வரைக்கும் வந்து நிற்கும்.

ஒரு நாள் பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரத்தில் பலீல் அக்காவைக் கூப்பிட்டு அலறினான்.

"ராத்தா! அந்தக் கல்லு என்னைப் பாக்குது! மூச்சு விடுது!"

ஜுனைதா ஓடிப்போய்ப் பார்த்தாள். பவளத்தில் இரண்டு குழிகள் இருந்தன. மங்கிய வெளிச்சத்தில் அவை கண்கள் போலத்தான் தெரிந்தன. அவளுக்கே பயம் வந்தது. ஆனாலும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. சும்மா படு," என்றாள்.

உம்மா ஸக்கியாவுக்கு மனசு கேட்கவில்லை. பனியோடு கெட்டது ஏதும் உள்ளே வந்துவிடுமோ என்று ஜன்னலை இறுக்கச் சாத்தினார். சட்டியில் சிரட்டைக் கரியைப் பற்றவைத்து, சாம்பிராணி தூவி அறையில் கொண்டுவந்து வைத்தார். பலீல் காலால் இடறிவிடக் கூடாதே என்று சட்டியை அலுமாரிக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

மறுநாள் விடியற்காலையில் பட்டாணியும் சுண்டலும் தொட்டியின் அடியில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. பவளம் தன் பூப்போன்ற விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வெளிறிப் போயிருந்தது. இப்போது அது ஒரு மண்டை ஓடு மாதிரியே இருந்தது. ஜுனைதா அழுதேவிட்டாள்.

வெயில் ஏறியதும் உம்மா ஜன்னலைத் திறந்தார். பகல் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் இரண்டு மீன்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன!

"யா அல்லாஹ்!" என்று உம்மா நெஞ்சில் கைவைத்தார். "செத்தது எப்படி எழும்பும்?"

அன்று சாயங்காலம் சாம்பிராணி இரண்டு மடங்கானது. அடுத்த நாள் காலையில் மீன்கள் மறுபடியும் கிடந்தன. பலீலும் எழும்ப மறுத்தான். "தலை வலிக்கிது," என்று முனகினான். உம்மாவுக்கும் தலைப்பாரம்.

வாப்பா அதிகம் பேசாதவர். இந்த முறை பேசினார்.

"போதும். வெள்ளிக்கிழமை சூளை வண்டி சுண்ணாம்பு கொண்டாருது. போகக்குள்ள அந்தப் பவளத்தை ஏத்தி விடுவோம். சூளையில வெந்து சுண்ணாம்பாகட்டும்."

"வாப்பா! அதுக்கு உசிர் இருக்கு! மீனெல்லாம்?"

"என்ட மகன் முக்கியமா, மீன் முக்கியமா?"

ஜுனைதா தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். சாச்சாவின் முகம் நினைவுக்கு வந்தது. தம்பியின் வெளிறிய முகமும் கூடவே வந்தது. இரண்டு நாள்தான் இருக்கிறது.

மறுநாள் விடியும்போதே எழுந்து தொட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். உம்மாவும் பலீலும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பம்பு முனகியது. தண்ணீரின் அடியிலிருந்து குமிழிகள் வரிசையாக மேலே வந்து உடைந்தன. குனிந்து பார்த்தவள் திடுக்கிட்டாள்.

குமிழிகளிலிருந்து சாம்பிராணி வாசம் வந்தது.

அறையில் புகை அடங்கிப்போயிருந்தது. தண்ணீருக்குள் இருந்து மட்டும் யாரோ சாம்பிராணி போட்டுக்கொண்டிருப்பதுபோல் மணத்தது. ஜுனைதாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எழுந்து ஓடிவிடத்தான் நினைத்தாள். ஆனாலும் இன்னும் கிட்டக் குனிந்தாள்.

'தண்ணிக்குள்ள எப்படி வாசம் போச்சு? குமிழிக்குள்ள இருந்து வருது. குமிழி குழாயில இருந்து வருது. குழாய்?'

குழாயைக் கையால் பிடித்துக்கொண்டே போனாள். அது அலுமாரிக்குப் பின்னால் போய்ப் பம்பில் முடிந்தது. பம்புக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்திருந்தது உம்மாவின் கரிச்சட்டி! சாம்பலுக்குள் கனல் இன்னும் சிவந்திருந்தது.

"அட!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கரி எரிந்தால் ஒரு வாயு வரும், அதைத்தான் சோடாப் போத்தலில் அடைக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஸுபைதா டீச்சர் சொல்லியிருந்தார். அதனால்தான் சோடா நாக்கைச் சுள்ளென்று கடிக்கிறது, லேசாகப் புளிக்கவும் செய்கிறது. பாவம் பட்டாணியும் சுண்டலும்! இரவெல்லாம் சோடாவிலா நீந்தின?

தண்ணீர் புளித்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலீலை எழுப்பியிருந்தால் நக்கிப் பார்த்துவிட்டு "உப்பு" என்று சொல்லியிருப்பான். அதற்கும் மேலான வழி ஜுனைதாவுக்குத் தெரியும். சுண்ணாம்புக் கடைக்காரர் மகள் அல்லவா? மஞ்சள் கையால் சுண்ணாம்பைத் தொட்டால் அதன் காரத்தில் விரல் சிவந்துவிடும். "ரத்தம்!" என்று கத்தி எத்தனை தடவை தம்பியைப் பயமுறுத்தியிருக்கிறாள்!

வெள்ளைத்துணியைக் கிழித்து மஞ்சளில் தோய்த்துக் காயவைத்தாள். ஒரு துண்டை இராசமாணிக்கம் கொண்டுவந்த பீப்பாயில் நனைத்தாள். துணி மெல்ல மெல்லச் செங்காவி நிறமானது. இன்னொன்றைத் தொட்டியில் நனைத்தாள். அது மஞ்சளாகவே இருந்தது.

தண்ணீரின் காரம் போய்விட்டது. ஜுனைதாவுக்கு இனி சந்தேகமில்லை.

உம்மாவிடம் சாம்பிராணியை நிறுத்தச் சொன்னால்? பயந்துபோயிருந்த உம்மா கேட்கமாட்டார். எனவே அவள் சண்டை பிடிக்கவில்லை. பம்பைத் தூக்கிக்கொண்டு போய் முன்கூடத்தில் வைத்தாள். சாச்சா கொடுத்த குழாய்ச் சுருள் கதவிடுக்கு வழியாகத் தாராளமாகப் போதுமாக இருந்தது.

"ரேடியோ எங்க மகள் பாடும்? அந்த பிளக்ல உன்ட பம்புத் தவளையில்ல கத்துது!" என்றார் வாப்பா.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் வாப்பா. தவளையைக் கேளுங்க."

வாப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் பம்பைக் கழற்றவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஜுனைதா ஓடிப்போய்ப் பார்த்தாள். பட்டாணியும் சுண்டலும் கடல்பூவுக்குள் மூக்கை மட்டும் நீட்டி எட்டிப்பார்த்தன. பவளம் தன் சின்ன விரல்களை எல்லாம் விரித்திருந்தது. மஞ்சள் துணியை நனைத்தாள். செங்காவி!

"உம்மா! பாருங்க, மீன் சாகல்ல!"

உம்மா திரும்பவில்லை. அவர் மடியில் பலீல் துவண்டு கிடந்தான். கண்ணைத் திறந்தான், மறுபடி மூடிக்கொண்டான்.

"பலீல்! மகன்! எழும்புடா!" உம்மா அவன் கன்னத்தைத் தட்டினார். தொட்டியைப் பார்த்தார். "அது நல்லா இருக்கு. இவன் கிடக்கிறான். இவன்ட உசிரத்தான் அது குடிக்குது! சாம்பிராணி போதாது, இன்னும் கரி போடு மகள்!"

ஜுனைதாவுக்கு ஒரு நிமிஷம் அப்படியும் இருக்குமோ என்று தோன்றிவிட்டது. தொட்டியில் அந்த இரண்டு குழிகளும் அவளையே பார்த்தன. அறையில் ஒரு சத்தமும் இல்லை. பம்பின் முனகல்கூட இப்போது முன்கூடத்தில்தான்.

முன்கூடத்தில்!

மீன்களுக்கு முன்கூடத்துக் காற்று வந்தது. தம்பிக்கு? அவனுக்குக் குழாயா போட்டிருக்கிறார்கள்? மீன்கள் நேற்றுவரை குடித்த காற்றைத்தான் அவன் இரவெல்லாம் குடித்திருக்கிறான்.

"உம்மா, தூக்குங்க அவனை!"

அவள் ஜன்னல் தாழ்ப்பாளை இழுத்தாள். மழையில் ஊறிய மரம் அசையவில்லை. இரண்டு கையாலும் குத்தினாள்.

"வேணாம் மகள்! பனி... வெளியில இருக்கிறது உள்ளுக்கு வந்திரும்!"

"வரட்டும் உம்மா!"

ஜன்னல் படாரென்று திறந்தது. மூடுபனி அறைக்குள் வந்தது. குளிர்ந்து, ஈரமாய், கொக்கோ இலை வாசத்தோடு வந்தது. அதற்குள் யாரும் இல்லை. சத்தம் கேட்டு வாப்பா ஓடிவந்தார். கரிச்சட்டியை வெளியே கொண்டுபோகும்படி ஜுனைதா கத்தினாள். அவரும் உடனே தூக்கிக்கொண்டு போனார். உம்மா மகனை ஜன்னலோரமாகத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

பலீல் ஆழமாக மூச்சை இழுத்தான். இருமினான். பிறகு கண்ணைத் திறந்தான்.

"உம்மா," என்றான். "பசிக்கிது."

உம்மா சிரித்தார், அழுதார், இரண்டையும் சேர்த்தே செய்தார். வாப்பா அவனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். புகை அடைந்த அறையில் இனிப் படுக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

ஜுனைதா உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குமிழியின் வாசத்தைச் சொன்னாள். ஜன்னல் திறந்து நல்ல காற்று வந்ததும்தான் மீன்கள் எழும்பின என்றும் சொன்னாள். மஞ்சள் துணிகளையும் காட்டினாள். உம்மாவின் முகம் வாடிப்போனது.

"நானா மகள் இதைச் செஞ்சேன்? என்ட கையாலயா?"

"அவன் பயப்படக் கூடாதுன்னுதானே உம்மா வச்சீங்க," என்று ஜுனைதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே சாம்பிராணிய வாசல்ல போடுவோம். தெருவே மணக்கட்டும்."

மத்தியானம் சூளை வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் மாடசாமி சுண்ணாம்பு மூட்டைகளை இறக்கிவிட்டு, "எங்கங்க அந்தப் பவளக்கல்லு? ஏத்திக்கிட்டுப் போயிறேன்," என்று கேட்டார்.

வாப்பா வாயைத் திறப்பதற்குள் பலீல் வாசலுக்கு ஓடிவந்தான். ஒரு கையில் பாதி தின்ற பணிஸ் ரொட்டி. இன்னொரு கையைக் கதவுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டான்.

"அது கல்லு இல்ல," என்றான். "இப்பத்தான் முழிச்சிருக்கு. தர மாட்டோம்!"