நாற்பத்தொன்றாம் சுற்று

கீழே ஓரான் விமானத் திடலில் விரித்திருந்த வெள்ளைத் துணி இன்னும் நாற்பத்தொன்று என்றே காட்டியது. சுற்று முடிந்ததும் எண்ணை மாற்ற வேண்டிய நேரக்கணக்கர்கள் அடித்து வைத்த முளைபோல நின்றார்கள்.

மேலே விமானத்தில் துணை விமானி கராக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாளாகத் தரையைத் தொடாமல் ஒரே வட்டத்தில் பறக்கிறார்கள். நாற்பத்திரண்டு விழுந்தால் உலக சாதனை. இல்லையென்றால் இரண்டு வருட உழைப்பு மண்ணாகப் போகும். எஞ்சின் இரைச்சல் பல்லைக் குடைந்தது, பெட்ரோல் நெடியும் ஊசிப்போன காப்பி வாடையும் தொண்டையில் கசந்தன, தூக்கமில்லாத கண்கள் மணல் விழுந்ததுபோல உறுத்தின. போன சுற்றில் ஓட்டுவது இவன் முறை; கடல்மேல் மூடுபனிக்குள் நுழைந்தபோது ஒரு கணம் கண்ணயர்ந்துவிட்டான். அதை விமானி மோபேரிடம் சொல்லவில்லை.

துணியை மாற்றச் சொல்லி நாலு வசவோடு சீட்டெழுதி, மணல்பையில் கட்டி வீசினான். பை விழுந்த இடத்தில் புழுதி கிளம்பவில்லை.

அடுத்த சுற்றிலும் நாற்பத்தொன்று. கீழே ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. எல்லோரும் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"குடிச்சிட்டு நிக்கிறானுங்களா?"

மோபேர் திரும்பவில்லை. "விடுறா. பெட்டி சாட்சி சொல்லும்."

இருக்கைக்குப் பின்னால் அரக்கு முத்திரையிட்ட பெட்டி. உள்ளே, பறக்கும் உயரத்தைக் காகிதத்தில் கோடாக இழுக்கும் கருவி. வழியில் எங்கும் இறங்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. முத்திரை உடைந்தால் சாதனை செல்லாது.

மறுபடியும் நாற்பத்தொன்று. ஒரு மணி நேரத்துக்கே இருந்த பெட்ரோல் மூன்று மணி நேரமாகியும் தீரவில்லை. கடலில் படகுகள் ஓரிடத்தில் கூடிக் கொக்கி போட்டுத் துழாவின. அதே இடம். மூடுபனி இருந்த இடம்.

கராக் பெட்டியை மடியில் இழுத்தான்.

"உடைக்காத." மோபேரின் குரல் கெஞ்சியது. "உடைக்காத வரைக்கும் நாம பறந்துக்கிட்டுதான் இருக்கோம்."

உடைத்தான்.

மூன்று நாள் மேலேயே ஓடிய கோடு. பிறகு செங்குத்தாக ஒரு சரிவு. அதன்பின் அடிவிளிம்போடு, நேராக. முள் அங்கேயே இன்னும் எழுதிக்கொண்டிருந்தது. காகிதம் ஈரம்.

எஞ்சின் சத்தம் இல்லை. எப்போதிருந்து இல்லை?

மோபேர் மெல்லத் திரும்பினான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். உப்புநீர் கொட்டியது. நிற்காமல் கொட்டியது.